ரிப்போர்ட்டில் ஏறாத சோர்வு: லூபஸ் பற்றி ஓர் எளிய விளக்கம்

லூபஸ் உள்ள ஒருவரிடம் "உங்களை அதிகம் வாட்டுவது எது?" என்று கேட்டுப் பாருங்கள். சிறுநீரகம், மூட்டு, முகத்தில் வரும் சிவப்பு என்று ஏதாவது சொல்வார் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். பலரும் சொல்வது வேறு: "முடியவில்லை. காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை." பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் லூபஸ் நோயாளிகளில் பத்தில் எட்டு, ஒன்பது பேர் வரை சோர்வைக் குறிப்பிடுகிறார்கள். அதையே நோயின் மிகப் பெரிய தொல்லையாகச் சொல்பவர்களும் ஏராளம். ஆனால் அவர்களுடைய மருத்துவக் கோப்பைப் புரட்டினால் ஏ.என்.ஏ., சி3, சி4 என்ற ரத்தப் பரிசோதனைகள், சிறுநீரில் புரதம் என்று பக்கம் பக்கமாக எண்கள் இருக்கும். சோர்வைப் பற்றி ஒரு வரி இருந்தால் பெரிய விஷயம். அந்த வரி ஏன் விடுபடுகிறது, விடுபடுவதால் என்ன கெடுகிறது என்று பார்ப்போம்.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லூபஸ் ஒரு தன்னுடல் தாக்குநோய். கிருமிகளோடு போராட வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் உடலின் சொந்தத் திசுக்களையே எதிரியாக எடுத்துக்கொண்டு தாக்குகிறது. தோல், மூட்டு, சிறுநீரகம், ரத்த அணுக்கள், இதயத்தையும் நுரையீரலையும் சுற்றியுள்ள உறைகள், மூளை என்று எதையும் அது தொடலாம். நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலோருக்கு 15 வயதுக்கும் 45 வயதுக்கும் இடையில், படிப்பு, வேலை, திருமணம், குழந்தை என்று வாழ்க்கை மும்முரமாக ஓடும் காலத்தில் தொடங்குகிறது. சில மாதங்கள் அடங்கிக் கிடக்கும், பிறகு கிளம்பும். தொற்றாது. முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. கட்டுக்குள் வைக்கும் மருந்துகள் உண்டு.

இது என்ன மாதிரிச் சோர்வு?

"எனக்கும்தான் அசதியாக இருக்கிறது, நான் வேலை செய்யவில்லையா?" என்று பிறர் கேட்பதை எதிர்கொள்ளாத லூபஸ் நோயாளி அரிது. உழைத்துக் களைத்தவருக்கு ஒரு காரணம் இருக்கும், தூங்கி எழுந்தால் தீர்ந்தும்விடும். லூபஸ் சோர்வு தூங்கினாலும் தீராது. எட்டு மணி நேரம் உறங்கி எழுந்தவருக்கும் இரவு முழுக்க மூட்டை தூக்கியது போல உடம்பு கனக்கும். தலைக்குக் குளித்துவிட்டு வந்தால், கையைத் தூக்கி முடியைத் துவட்டத் தெம்பில்லாமல் அரை மணி நேரம் படுக்க வேண்டியிருக்கும். செய்த வேலைக்கும் வந்த சோர்வுக்கும் கணக்கே பொருந்தாது. நேற்று இரண்டு மாடி ஏறியவர் இன்று வாசல்படி ஏறத் தயங்குவார். பார்ப்பவர்கள் இதை நடிப்பு என்று சந்தேகிப்பதற்கு இந்த ஏற்ற இறக்கம்தான் முக்கியக் காரணம்.

அது உடலோடும் நிற்பதில்லை. சொல்ல வந்த பெயர் நாக்கில் வராது, படித்த பத்தியையே மறுபடி படிக்க நேரும், அடுப்பில் பால் வைத்தது மறந்துபோகும். கணக்கு எழுதுபவர், பாடம் நடத்துபவர் போன்றவர்களுக்குக் கை கால் ஓய்வதைவிட இந்த மந்தம்தான் அதிகம் பயமுறுத்துகிறது.

காரணத்தைப் புரிந்துகொள்ளச் சிக்குன்குன்யா வந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். கிருமி உள்ளே வந்ததும் எதிர்ப்பு மண்டலம் சைட்டோகைன் எனப்படும் புரதங்களைச் சுரக்கிறது. அவை மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன: நடமாடாதே, படு, சாப்பாடும் வேண்டாம். உடலின் சக்தி முழுவதும் சண்டைக்குத் தேவைப்படுவதால் வரும் உத்தரவு அது. கிருமி ஒழிந்ததும் உத்தரவு திரும்பப் பெறப்படும். லூபஸில் கிருமி இல்லை, சண்டை மட்டும் நடந்துகொண்டிருக்கிறது. அதனால் "படு" என்ற உத்தரவும் ஓய்வதில்லை.

இந்தப் புரதங்களில் முக்கியமானது முதல் வகை இன்டர்ஃபெரான். லூபஸ் உள்ள பலருடைய ரத்தத்தில் அதன் வேலை மிகையாக நடப்பதைக் காணலாம். அது எவ்வளவு சோர்வைத் தரும் என்பதற்கு வேறொரு நோயிலிருந்து சான்று கிடைத்திருக்கிறது. ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் நோய்க்கு முன்பெல்லாம் இன்டர்ஃபெரானையே ஊசியாகப் போட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களில் பலருக்குக் கடும் சோர்வு, உடல்வலி, மனச்சோர்வு எல்லாம் வந்தன. சோம்பேறிகள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் ஹெபடைடிஸ் சி வந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை.

"ரிப்போர்ட் எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது?"

லூபஸ் எவ்வளவு தீவிரமாக இருக்கிறது என்று மதிப்பிட மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் கருவிகளில் ஒன்று, கனடாவின் டொரன்டோவில் உருவாகி 1992-இல் வெளியான 'ஸ்லீடாய்' மதிப்பெண் பட்டியல். அதில் 24 அம்சங்கள். வலிப்புக்கு 8 மதிப்பெண், மூட்டு அழற்சிக்கு 4, காய்ச்சலுக்கு 1. சோர்வுக்கு இடமே இல்லை. இது கவனக்குறைவு அல்ல. சோர்வு பல காரணங்களால் வரக்கூடும். எதிர்ப்பு மண்டலம் இப்போது தாக்குகிறதா என்பதை மட்டும் அளக்க விரும்புபவர்கள் அதை விலக்கி வைப்பது நியாயம்தான். நியாயமில்லாதது அடுத்து நடப்பது: அந்தப் பட்டியலில் மதிப்பெண் குறைந்தவுடன் நோயாளி நலமாக இருக்கிறார் என்று முடிவு கட்டுவது.

நோயின் தீவிரமும் சோர்வின் அளவும் கைகோத்து நடப்பதில்லை என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் எல்லாம் அடங்கியிருக்கும்போதே ஒருவர் படுத்த படுக்கையாக இருக்கலாம். சிறுநீரகத்தில் அழற்சி இருந்தும் இன்னொருவர் ஓடியாடிக்கொண்டிருக்கலாம். ஆகவே "எல்லாம் நார்மல், மனதைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவைப்பது பாதி வைத்தியம். ரிப்போர்ட் நன்றாக வந்தால் அது நல்ல செய்திதான். சோர்வுக்கான காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும் என்ற தகவலும் அதிலேயே இருக்கிறது.

சோர்வை ரத்தத்தில் அளக்க முடியாது, கேட்டுத்தான் அளக்க வேண்டும். 1989-இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் லாரன் கிரப்பும் அவருடைய குழுவினரும் ஒன்பது வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோய் உள்ளவர்களிடமும் லூபஸ் நோயாளிகளிடமும் அதைச் சோதித்துப் பார்த்திருந்தார்கள். சோர்வு என் வேலைக்கு இடையூறாக இருக்கிறது என்பது போன்ற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 1 முதல் 7 வரை எண் கொடுக்க வேண்டும். சராசரி 4 அல்லது அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டிய சோர்வு என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். ஐந்து நிமிட வேலை. இதைக் கேட்க நேரமில்லை என்ற சமாதானத்தை நான் நம்புவதில்லை.

வாழ்க்கைத் தரம் என்பது இதைவிட அகலமான விஷயம். ஒருவர் தன் பண்பாட்டுக்குள், தன் இலக்குகளையும் எதிர்பார்ப்புகளையும் வைத்துத் தன் நிலையை எப்படி உணர்கிறார் என்பதுதான் அது என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. மருத்துவர் என்ன நினைக்கிறார் என்பதற்கு அந்த வரையறையில் இடமில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த நிறுவனத்தின் வாழ்க்கைத் தரக் கேள்வித்தாளை உருவாக்குவதில் தொடக்கத்தில் பங்கேற்ற 15 மையங்களில் சென்னையும் ஒன்று.

லூபஸுக்கென்றே ஒரு கேள்வித்தாள் இங்கிலாந்தில் உருவாகி 2007-இல் வெளிவந்தது. 34 கேள்விகள், எட்டுப் பிரிவுகள். நோயாளிகளிடம் நேரில் பேசிக் கேள்விகளைத் திரட்டியதால், மருத்துவரின் மேசையிலிருந்து தோன்ற வாய்ப்பில்லாத பிரிவுகள் அதில் இருக்கின்றன. உடல்நலம், வலி, மனநிலை, சோர்வு ஆகியவை எதிர்பார்க்கக்கூடியவை. அவற்றோடு, திட்டமிட முடியாமை, தாம்பத்திய நெருக்கம், உடல் தோற்றம் பற்றிய உணர்வு, பிறருக்குப் பாரமாக இருக்கிறோமோ என்ற எண்ணம் என்று நான்கு. அடுத்த மாதம் நடக்கும் அக்காள் மகள் கல்யாணத்துக்கு "வருகிறேன்" என்று உறுதியாகச் சொல்ல முடியாதது ஒரு நோய்க்குறி என்று எந்தப் பாடநூலும் எழுதியிருக்காது. நோயாளிகளைக் கேட்டதும் முன்னால் வந்து நின்றது அதுதான்.

காரணங்களைத் தேடுவது

சோர்வை "லூபஸ் என்றால் அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது என்பதற்குக் காரணம், அதில் ஒரு பகுதியாவது சரிசெய்யக்கூடிய ஏதோ ஒன்றால் வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ரத்தசோகையிலிருந்து தொடங்கலாம். நம் ஊரில் ஹீமோகுளோபின் குறைந்தது என்றால் முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், இரும்புச்சத்து மாத்திரை என்று வரிசையாக வரும். லூபஸில் ரத்தசோகை ஒன்றல்ல, பல. மாதவிடாயில் அதிக ரத்தம் போவதாலோ, வலி மாத்திரையால் வயிற்றில் கசிவு ஏற்படுவதாலோ இரும்புச்சத்து குறைந்திருக்கலாம். அப்போது மாத்திரை பலன் தரும். நீண்ட அழற்சியால் உடல் இரும்பைச் சேமிப்பில் பூட்டி வைத்துக்கொண்டு எலும்பு மஜ்ஜைக்குக் கொடுக்காமல் இருக்கலாம். அப்போது எவ்வளவு இரும்பு விழுங்கினாலும் பெரிதாக ஏறாது, அழற்சியைத்தான் அடக்க வேண்டும். எதிர்ப்பு மண்டலமே சிவப்பணுக்களை உடைத்துக்கொண்டிருக்கலாம். அது உடனடிச் சிகிச்சை கேட்கும் நிலை. சிறுநீரகம் பழுதாகி, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோன் குறைந்திருக்கலாம். ஹீமோகுளோபின் எண் 9 என்று மட்டும் தெரிந்தால் போதாது, எந்தக் காரணத்தால் 9 என்று தெரிய வேண்டும். மருந்துக்கடையில் நாமே டானிக் வாங்கிக் குடிப்பதில் உள்ள சிக்கல் இதுதான்.

அடுத்தது தைராய்டு. ஒரு தன்னுடல் தாக்குநோய் உள்ளவருக்கு இன்னொன்று சேர்ந்து வருவது சகஜம். தைராய்டு குறைந்தாலும் சோர்வு, எடை கூடுதல், மந்தம் எல்லாம் வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மாத்திரையும் மலிவு. வைட்டமின் டி-யையும் பார்க்க வேண்டும். வெயில் பட்டால் நோய் கிளம்பும் என்பதால் லூபஸ் நோயாளிகள் வெயிலைத் தவிர்க்கிறார்கள். சரியான செயல்தான். ஆனால் தோலில் உருவாக வேண்டிய வைட்டமின் டி அதனால் குறைந்துபோகிறது.

தூக்கத்தைப் பற்றி விரிவாகவே பேச வேண்டும். வலியால் புரண்டு படுப்பவருக்கு எட்டு மணி நேரப் படுக்கை எட்டு மணி நேரத் தூக்கம் ஆகாது. அழற்சியை அடக்கத் தரப்படும் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையை மாலையில் போட்டுக்கொண்டால் இரவு கொட்டக் கொட்ட விழித்திருக்க வேண்டியதுதான். அதைக் காலை உணவுக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. நீண்ட நாள் ஸ்டீராய்டு தொடைத் தசைகளையும் இளைக்க வைக்கும். தரையில் உட்கார்ந்தவர் கையை ஊன்றாமல் எழ முடியாமல் போனால் அதைச் சோர்வு என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. அதற்காக ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. பல மாதங்கள் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்ததால், உடலுக்குள் அதைச் சுரக்க வேண்டிய அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்திருக்கும். மாத்திரை திடீரென்று நின்றால் எழவே முடியாத தளர்ச்சி, வாந்தி, ரத்த அழுத்தம் சரிதல் என்று உயிருக்கே உலை வைக்கும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் கூட்டமைப்பு 2023-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, நீண்டகாலத்துக்குத் தொடரும் அளவு நாளுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வதும், முடிந்தால் நிறுத்துவதும் இலக்கு.

மனச்சோர்வு பற்றிப் பேசத் தயக்கமாக இருக்கிறது. பேசினால் "பார்த்தாயா, எல்லாம் மனசுதான்" என்று வீட்டில் யாராவது பிடித்துக்கொள்வார்கள். லூபஸில் மனச்சோர்வு பொதுமக்களைவிட அதிகம் காணப்படுகிறது. சோர்வு மனத்தைத் தளர்த்தும், தளர்ந்த மனம் தூக்கத்தைக் கெடுக்கும், கெட்ட தூக்கம் சோர்வைக் கூட்டும். எது முதலில் வந்தது என்று விசாரித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. எந்த இடத்தில் சிகிச்சை செய்தாலும் மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் நல்லது. உடலெங்கும் தொட்டால் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா என்ற நிலையும் லூபஸ் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. லூபஸ் மருந்தைக் கூட்டினால் அது குறையாது. அதைத் தனியே இனம் காணாவிட்டால் வீணாக ஸ்டீராய்டின் அளவுதான் ஏறும்.

"எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்று விற்கப்படும் பொடிகளையும் லேகியங்களையும் சோர்வு தீர அன்போடு வாங்கி வருபவர்கள் உண்டு. லூபஸில் எதிர்ப்பு மண்டலம் ஏற்கெனவே வெறி பிடித்து ஆடிக்கொண்டிருக்கிறது; அதற்குச் சலங்கை வேறு கட்டிவிட வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத எதையும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது.

படுத்தால் தீருமா, நடந்தால் தீருமா?

சோர்வாக இருப்பவரை நடக்கச் சொன்னால் கோபம் வருவது இயல்பு. ஆனால் இதுவரை சோதிக்கப்பட்ட வழிகளில் நல்ல சான்று உள்ளவற்றில் உடற்பயிற்சியும் ஒன்று. 2003-இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில் லூபஸ் உள்ள 93 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 12 வாரங்கள் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சி, இன்னொன்றுக்குத் தளர்வுப் பயிற்சி, மூன்றாவதற்குத் தனியாக எதுவும் இல்லை. முடிவில் "நன்றாகவே தேறியிருக்கிறேன்" என்று சொன்னவர்கள் உடற்பயிற்சிக் குழுவில் 33 பேரில் 16 பேர். எதுவும் செய்யாத குழுவில் 32 பேரில் 5 பேர். பாதிப் பேருக்குப் பெரிய பலன் இல்லை என்பதும் அதே எண்ணில் இருக்கிறது. அதனால் இதை அற்புதம் என்று விற்க மாட்டேன். ஆனால் அந்த ஆய்வில் உடற்பயிற்சி நோயைக் கிளப்பிவிடவில்லை, பயந்து படுத்தே இருப்பவர்களுக்கு அது முக்கியமான தகவல்.

எப்படித் தொடங்குவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஐந்து நிமிட நடை, வீட்டுக்குள்ளேயே கூடப் போதும். வெயில் இறங்கிய பிறகு வெளியே போகலாம். ஒரு வாரம் அதே அளவில் நிறுத்தி, உடல் ஏற்றுக்கொண்டால் மட்டும் இரண்டு நிமிடம் கூட்ட வேண்டும். நோய் கிளர்ந்திருக்கும் நாட்களில் பயிற்சி வேண்டாம். மூட்டு, இதயம், நுரையீரல், சிறுநீரகத்தில் பாதிப்பு இருந்தால் முதலில் மருத்துவர் சம்மதம் தேவை.

இதன் மறுபாதி, இருக்கும் தெம்பைப் பங்கிட்டுச் செலவழிப்பது. உடம்பு லேசாக இருக்கும் ஒரு நாள் வந்ததும், பரணைச் சுத்தம் செய்து, போர்வைகளைத் துவைத்து, ஒரு மாத வேலையை முடித்துவிட்டு அடுத்த நான்கு நாள் எழ முடியாமல் கிடப்பது லூபஸ் உள்ளவர்கள் நன்றாக அறிந்த சுழல். நல்ல நாளிலும் பாதியில் நிறுத்தப் பழக வேண்டும். அது நடைப்பயிற்சியைவிடக் கடினம். காய் நறுக்குவதை உட்கார்ந்து செய்யலாம். குளியலையும் துணி துவைப்பதையும் ஒரே வேளையில் வைக்காமல் பிரிக்கலாம். அசதி வருவதற்கு முன்பே இருபது நிமிடம் படுக்கலாம்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கானருக்கு 25 வயதில் லூபஸ் வெளிப்பட்டது. அவருடைய தந்தை அதே நோயால் 1941-இல் இறந்திருந்தார். தாயின் பண்ணை வீட்டுக்குத் திரும்பிய ஓ'கானர், காலையில் இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் எழுதுவது என்று வைத்துக்கொண்டார். மீதி நாள் ஓய்வு, கடிதங்கள், மயில் வளர்ப்பு. 1964-இல் 39 வயதில் இறக்கும் வரை அந்தக் காலை நேரத்தில்தான் தன் படைப்புகளில் பெரும்பகுதியை எழுதினார். அவருக்குச் சமைத்துப் போட்டுப் பண்ணையைக் கவனிக்க அம்மா இருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தெம்பைப் பங்கிடு என்று நோயாளிக்கு மட்டும் அறிவுரை சொல்லிவிட்டு, மூன்று வேளைச் சமையலையும் அவர் தலையிலேயே வைக்கும் வீட்டில் எந்தப் பங்கீடும் நடக்காது.

வேலையிடத்திலும் இதே கதை. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் லூபஸ் இல்லை. நோயால் உறுப்பு நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டு, அது வேறு ஏதாவது வகையில் அடங்கினால்தான் சான்றிதழுக்கு வழி. சோர்வு எந்த வகையிலும் அடங்காது. எனவே தாமதமாக வந்து தாமதமாகப் போவது, சில நாள் வீட்டிலிருந்து பார்ப்பது போன்ற சலுகைகள் மேலதிகாரியின் மனநிலையைப் பொறுத்தே அமைகின்றன.

மருந்துகளைப் பற்றி இரண்டு வார்த்தை. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பெரும்பாலான லூபஸ் நோயாளிகளுக்கு அடிப்படை மருந்து. நோய் திரும்பக் கிளம்பாமல் தடுப்பது அதன் பெரிய பலன். சோர்வாக இருக்கிறது என்று அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெலிமுமாப், 2021-இல் அனுமதி பெற்ற அனிஃப்ரோலுமாப் ஆகிய புதிய ஊசி மருந்துகளில் இரண்டாவது, மேலே சொன்ன முதல் வகை இன்டர்ஃபெரானின் வழியை அடைப்பது. இவற்றின் ஆய்வுகளில் சோர்வும் அளக்கப்பட்டது. முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் சுமாரானது. விலை நம் நாட்டில் பெரும்பாலோருக்கு எட்டாது.

சோர்வோடு காய்ச்சல், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, கால் வீக்கம், சிறுநீரில் நுரை, கண் மஞ்சளாவது இவற்றில் ஏதாவது வந்தால் அடுத்த அப்பாயிண்ட்மென்ட் வரை காத்திருக்காமல் உடனே போக வேண்டும். மற்றபடி, போவதற்கு முந்திய இரண்டு வாரங்கள் ஒரு சிறு நோட்டில் தினமும் மூன்று விஷயம் குறித்து வைக்கலாம்: எத்தனை மணிக்குத் தூங்கி எழுந்தேன், இன்றைய சோர்வுக்குப் பத்துக்கு எத்தனை, அதனால் செய்ய முடியாமல் போன வேலை எது. "சோர்வாக இருக்கிறது டாக்டர்" என்று சொன்னால் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். "பதினான்கு நாளில் ஆறு நாள் சமைக்க முடியவில்லை, மூன்று நாள் ஆபீஸ் போகவில்லை" என்றால் பேனாவை எடுப்பார். அப்போது இதையும் கேட்டுவிடுங்கள்: என் லூபஸ் இப்போது அடங்கியிருக்கிறதா? அடங்கியிருக்கிறது என்றால், ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் டி, தூக்கம், மனநிலை, மருந்து இவற்றில் எதை இன்னும் பார்க்கவில்லை?